கலப்பு ஜிலேபி

நிறம் என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் கம்பெனி ஒன்றில் ஷேடு பார்ப்பது என் வேலை. இரும்புச் சாமான்கள் வண்ணப் பொடி பூசிக்கொண்டு, அடுப்புக்குள் போய் வெந்து, சங்கிலியில் தொங்கியபடி வெளியே வரும். ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை இறக்கி, லைட் பாக்ஸுக்குள் மாதிரித் தகடான மாஸ்டர் பேனலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘போகலாம்’, ‘போகாது’ என்று நான் சொல்லவேண்டும். நான் போகாது என்றால் மேனேஜரே வந்து நின்றாலும் போகாது. இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்பதும் இல்லை. ஒரே கலர் என்று கடைக்காரர் சத்தியம் செய்யும் புடவையையும் ஜாக்கெட் துணியையும் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டும் வேறு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். என் வீட்டுக்காரர் என்னோடு துணிக்கடைக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் இரண்டு தொட்டி மீன்கள் அசடு வழிய வைத்தன. அதுவும் சும்மா ஒரு நாளில் இல்லை, என் தம்பியின் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று முடிவாக வேண்டிய நாளில்.

தம்பி அப்போதுதான் கோடவுன் வேலையை விட்டிருந்தான். ஹைவே ஓரத்தில் பெரிய கோடவுன், அதில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். பொன்னேரிப் பக்கம் அம்மா வீட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. அதில் ஒரு மூலை தாழ்வு; எந்த மழை வந்தாலும் அங்கே நட்ட பயிர் அழுகித்தான் போகும். ‘தண்ணி அங்கயே நிக்கணும்னு அடம்பிடிச்சா, நின்னுட்டுப் போவட்டும்’ என்று அந்த மூலையைக் குட்டையாக வெட்டி மீன் விட்டுவிட்டான்.

விட்டது ஜிலேபி மீன். எங்கள் பக்கத்தில் ஜிலேபி என்றால் ஏரியிலும் கால்வாயிலும் யாரும் கேட்காமலே பெருகிக் கிடக்கும் கறுத்த சின்ன மீன். ஆனால் தம்பி வாங்கியது ‘கிஃப்ட்’ என்கிற ரகத்து ஜிலேபிக் குஞ்சு. அதே குடும்பம்தான், ஆனால் சீக்கிரம் வளரும், தட்டு நிறைய வரும். ‘நல்ல ஜாதிக் குஞ்சு’ என்று விற்றவர் சொன்னாராம். அதைத் தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடவுனில்தான் தம்பி கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணும் வேலை செய்தாள். பெட்டிகளின் மேல் இருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்யும் வேலை. இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான், அவள் ஸ்கேன் செய்வாள். இப்படியே தூக்கித் தூக்கி, ஸ்கேன் செய்து செய்து, விஷயம் முற்றிவிட்டது. அவர்கள் பொன்னேரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆரணிக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவளுடைய அப்பா இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வயிறு வளர்த்தது. எங்கள் நிலம் ஒன்றும் ஜமீன் இல்லை. ஆனாலும் வரப்பின் எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பதை ஊர் சுலபத்தில் மறப்பதில்லை.

எங்கள் அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அம்மாவே கொலுசு டிசைன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சிக்கல் அந்தப் பக்கம்தான். அவளுடைய அப்பா முடியாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. ‘பாக்கலாம்’ என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவளோ, “எங்க நைனா மனசார சரின்னு சொல்லாம நான் வரமாட்டேன்” என்று தம்பியிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது.

மழைக்காலம் கழிந்து, தை மாதத்தில் ஒரு வழியாக மனிதர் இறங்கி வந்தார். குட்டையைப் பார்க்க வருகிறேன் என்றார். சந்தோஷத்தில் தம்பி போனிலேயே, “வாங்க சார், போவும்போது கிஃப்ட் ஜிலேபி தரேன், எடுத்துக்கினு போலாம்” என்றிருக்கிறான். அவரோ, “எனக்கு சக்கர இருக்குது தம்பி. ஸ்வீட் கிஃப்ட்டுலாம் வாணாம்” என்றாராம். இவன் மீன் என்று விளக்குவதற்குள் அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடித்து வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, பேஜாராப் பூட்ச்சு. மழைல கால்வா பொங்கி நம்ம கரை மேல வழிஞ்சிதுல்ல? கால்வா ஜிலேபி உள்ள பூந்துச்சு போலக்கீது. நம்ம மீனோட கலந்துச்சுன்னா குட்டி போட்டுக்கினே இருக்கும், எதுவும் பெருசாவாது. நாளைக்கு அவரு முன்னாடி வல இழுத்து, வெரலு நீட்டுக்குக் கறுப்பு மீனு வந்தா என் கதி இன்னா?”

“அதுக்கு நான் இன்னாடா பண்ணணும்?”

“நீதான் ஷேடு பாக்கறவளாச்சே. வந்து பிரிச்சிக் குடு.”

இப்படி ஒருத்தர் கேட்டால் நான் விடுவேனா? அந்தக் காலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

தம்பியும் கூலிக்கு வந்த இருவரும் வலை இழுத்தார்கள். முதல் இழுப்பு மீனை வெள்ளை டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டியில் கொட்டினார்கள். அது நிறைந்துவிட்டதால் இரண்டாவது இழுப்பைக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டினார்கள். நான் அம்மாவிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாக வந்து குனிந்து பார்த்தேன். வெள்ளைத் தொட்டியில் இருந்தவை எல்லாம் வெளுப்பு, வெள்ளி கலந்த சாம்பல். கறுப்புத் தொட்டியில் இருந்தவை அத்தனையும் கறுப்பு. எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. இரண்டாவது இழுப்பு கால்வாய் பக்கத்து மூலையில் இழுத்தது வேறு. கணக்கு கச்சிதமாக ஒத்துப்போயிற்று.

“இது மொத்தமும் கலப்பு. போகாது” என்று கறுப்புத் தொட்டியைக் காட்டினேன். “வெள்ளத் தொட்டிதான் நம்முது. உள்ள உடு.”

“எல்லாமேவாக்கா? ஒன்னு கூடவா தேறாது?”

“ஏன்டா, நான் பாக்காத ஷேடா?”

தம்பி கறுப்புத் தொட்டி மீன்களைப் பக்கத்திலிருந்த சின்னப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டான். ஞாயிறு சமையலுக்கு அவை ஆகும் என்று அம்மா சொன்னாள். நான் பெரிய காரியம் முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள், அப்பாவும் பெண்ணும் மட்டும். மனிதர் வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட், கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியை அம்மாவிடம் நீட்டினார். “தம்பி ஜிலேபின்னாரு. நானும் வெறுங்கையோட வர வாணாம்னு அதையே வாங்கியாந்தேன்.” பிரித்தால் நிஜ ஜிலேபி, பாகு சொட்டச் சொட்ட. அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தம்பியை ‘நீங்க’, ‘தம்பி’ என்று அளந்து அளந்து பேசினார். தண்ணீர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்கினார். அந்த மரியாதை எனக்குத் தொண்டையில் முள் போல இருந்தது.

அதை எப்படியாவது கலகலப்பாக்கிவிட வேண்டும் என்று என் வாய் துடித்தது. குட்டைக் கரைக்குப் போனதும் ஆரம்பித்தேன். “இதுல இருக்கறது அத்தினியும் சுத்தமான ஜாதி சார். மழைல கொஞ்சம் கலப்பு பூந்துச்சு. நேத்தே ஒன்னு உடாம பொறுக்கி வெளிய போட்டுட்டேன். கலப்ப மட்டும் உள்ள உடவே கூடாது பாருங்க, வம்சமே கெட்டுப்பூடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. தம்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் குட்டைக்குள் குதித்திருக்கலாம். அந்தப் பெண் துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. ஏற்கெனவே எதிர்பார்த்து வந்தது கிடைத்துவிட்டது போல் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

அவர் நிதானமாகக் கேட்டார். “கலப்ப எப்டிமா கண்டுபுடிக்கறீங்க?”

“கலர வெச்சுதான் சார்” என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“காட்டுங்களேன், பாக்கலாம்.”

தம்பி பெரிய குட்டையில் வீச்சு வலை போட்டுக் கொஞ்சம் மீன் எடுத்தான். வெள்ளைத் தொட்டியில் அம்மா அரிசி களைந்த தண்ணீர் பிடித்து வைத்திருந்ததால், கைக்குக் கிடைத்த கறுப்புத் தொட்டியில் கொட்டினான். நான் விளக்க ஆரம்பித்தேன். சாம்பல் என்றேன், வெள்ளி என்றேன், நேற்றைய பெருமை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது அந்தப் பெண் குனிந்து பார்த்து, “அக்கா, இதெல்லாம் கறுத்துக்கினே வருதே” என்றாள்.

பார்த்தேன். கறுத்துக்கொண்டுதான் வந்தன. நான் சுத்தம் என்று சத்தியம் செய்த மீன்கள், என் கண் எதிரே, ஒன்றன்பின் ஒன்றாகக் கலப்பாகிக்கொண்டிருந்தன.

தம்பி ஓடிப்போய் வெள்ளைத் தொட்டியைக் கழுவி, பள்ளத்திலிருந்து நான் ஒதுக்கிய மீன்களில் சிலவற்றை அள்ளிவந்து அதில் விட்டான். அவை கொஞ்ச நேரம் கறுப்பாகவே ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வெளுத்து, நேற்று நான் போகலாம் என்று சொன்ன அதே சாம்பலுக்கு வந்து சேர்ந்தன. இருக்கிற இடத்தின் நிறத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும் மீன் அது. எத்தனையோ வருடமாகத் தின்கிற மீன், இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. என் பேனல்கள் வெந்து வெளியே வந்தபின் நிறம் மாறுவதில்லை. நான் மீனையும் பேனல் என்று நினைத்துவிட்டேன்.

“அப்போ நேத்து நீ பிரிச்சது மீன இல்லக்கா” என்றான் தம்பி. “தொட்டிய.”

அவர் சிரித்தார். முதலில் மூக்குக்குள், அப்புறம் வாய் திறந்து, அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. காலையிலிருந்து பூட்டி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி சிரித்தார். “கலப்ப ஒன்னு உடாம பொறுக்கிட்டீங்களே மா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் மட்டும் இன்னும் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீனைக் கையிலெடுத்து வாலை விரித்துப் பிடித்தாள். “நைனா, இங்க பாரேன். வால்ல பார்கோடு.”

நிஜமாகவே பார்கோடு. வால் துடுப்பில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், அடிமுதல் நுனிவரை வரிசையாக, அச்சடித்ததுபோல. இன்னொன்றை எடுத்தாள். அதன் வாலில் கோடே இல்லை, வெறும் புகை நிறம். கன்னத்துக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வெளுப்பு. “இது ஸ்கேன் ஆவாது” என்றாள்.

தம்பிக்கு அப்போதுதான் குஞ்சு விற்றவர் சொன்னது ஞாபகம் வந்தது. வால் கோட்டைப் பார்த்து வாங்கு என்று சொல்லியிருந்தாராம். “அத ஏன்டா நேத்தே சொல்லல?” என்றேன். “நீதான் என்னப் பேச உட்டியா?” என்றான். அது நியாயமான கேள்விதான்.

இரண்டு தொட்டியிலும் கோடு நின்றது. கறுத்த மீனிலும் தெரிந்தது, வெளுத்த மீனிலும் தெரிந்தது. அப்புறம் என்ன, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மனிதர் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி வலை வீசிக்கொண்டு வர, அவளும் அவரும் வாலை விரித்துப் பார்க்க, நான் பக்கெட் தூக்கினேன். அன்றைக்கு என் தகுதிக்கு அதுதான் வேலை. “ஆவும்… ஆவும்… ஆவாது… ஆவும்” என்று அவர் குரல் வயல்வெளிக்கே கேட்டது. நான் பள்ளத்தில் தள்ளியவற்றில் பெரும்பாலானவை கோடு போட்ட நல்ல மீன்கள். நான் உள்ளே விடச் சொன்னவற்றில் கால்வாய்க்காரர்கள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிய நேரத்தில் அவர் கையில் ஒரு மீன் வந்தது. ஆவும் என்றும் சொல்லவில்லை, ஆவாது என்றும் சொல்லவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்தோம். வாலின் மேல் பாதியில் கோடுகள் தெளிவாக இருந்தன. கீழ்ப் பாதிக்கு வரும்போது உடைந்து, புள்ளிபுள்ளியாகச் சிதறி, காணாமலே போயிருந்தன.

“இது இன்னா கணக்கு தம்பி?”

தம்பி அந்த வாலைத் தொட்டுப் பார்த்தான். “அதான் சார்… கலப்பு.” மெதுவாகத்தான் சொன்னான். அந்த வார்த்தை வந்ததும் சிரித்துக்கொண்டிருந்த எல்லாரும் நிறுத்திவிட்டோம்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தேன். “சார், காலைல நான் பேசனது மீன பத்தித்தான். சத்தியமா வேற எதுவும் மனசுல இல்ல. ஆனா என் வாயில அப்டி வந்திருக்கக் கூடாது.”

“தெரியும்மா” என்றார் அவர். “மீன பத்தித்தான்னு எனக்கும் தெரியும். கேட்ட காது என்னுதாச்சே, அதான்.”

மீன் அவர் கையில் துள்ளியது. அவர் அதை நழுவவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். பள்ளம் இடது பக்கம் இருந்தது. அவர் வலது பக்கம் நடந்தார். பெரிய குட்டையின் கரையில் இறங்கி, குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் விட்டு, அது திரும்பிப் பார்க்காமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயோ சார், அது உள்ள போனா குட்டி போட்டு…” என்று தம்பி பதறினான்.

“போடட்டும் மாப்ள” என்றார். “கையில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.”

தம்பிக்குக் கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. சொம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தப் பெண்தான் அவன் முழங்கையை இடித்து, “நைனா தண்ணி கேக்கறாருல்ல?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை, கொட்டியது. அடுப்படியிலிருந்து அம்மா, மீன் வறுத்து ஆறிப்போகிறது, வருகிறீர்களா இல்லையா என்று கத்தினாள். அன்றைக்கு அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். சர்க்கரையாவது ஒன்றாவது என்று தான் வாங்கிவந்த ஜிலேபியிலும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் காலையில் சர்ச்சில், மாலையில் பொன்னேரி மண்டபத்தில். பந்தியில் இரண்டு ஜிலேபியும் உண்டு. எந்த ஜிலேபி என்று பரிமாறுகிறவர்கள் கேட்டுக்கேட்டுப் போட்டார்கள். மணப்பெண்ணின் புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் நிறம் துளியும் ஒத்துப்போகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் ஒவ்வொரு தடவை வலை இழுக்கும்போதும் தம்பியின் மாமனார் ஆரணியிலிருந்து வந்துவிடுகிறார். அரைக்கோடு வால் மீன்கள் நாலைந்தாவது சிக்காமல் இருப்பதில்லை. தம்பி தலையில் அடித்துக்கொள்வான். அவன் பெண்டாட்டி, “எங்க நைனா குடுத்த சீரு, வாய மூடு” என்பாள். தொழில் முறைப்படி அவற்றைத் தனியே எடுத்து வெளியேற்றத்தான் வேண்டும். அவன் சொல்வது சரிதான்.

போன மாதம் தொட்டிப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கோடு பார்க்க எனக்கும் இப்போது கை வந்துவிட்டது. ஆகும் மீன்களைக் குட்டைக்குள்ளும் ஆகாதவற்றைப் பக்கெட்டிலும் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றின் வாலை விரித்தால், மேலே கோடு, கீழே புள்ளி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைச் சட்டென்று குட்டைக்குள் விட்டேன்.

“அக்கா, அது ஸ்கேன் ஆச்சா?” என்று எதிர்க்கரையிலிருந்து தம்பி கத்தினான்.

“ஆச்சு, ஆச்சு” என்றேன்.